பதின்மூன்று முதல் பதினாறு வரை

அக்கா,

இன்று காலை அந்த எட்டு லீற்றர் எஞ்சின் மறுபடி எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. மரப்பெட்டியின் மூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது அதன் மணம். கருகிய எண்ணெயும் பழைய பெற்றோலும் கலந்த அந்த மணத்தை நீங்கள் "திரி அணைஞ்ச மணம்" என்பீர்கள். நான் "பஸ் டிப்போ மணம்" என்பேன். பதினொரு வருடம் இதே வழக்கு நடந்தது, ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று எதிர்த்துப் பேச ஆள் இல்லை என்றதும், திரி அணைந்த மணம்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

பெட்டியில் எஞ்சினோடு அதன் புத்தகமும் இருந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல, இந்தப் பழைய பந்தய எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் உண்டு. எந்தப் பாகத்தை யார் பூட்டினார், என்ன அளவு, யார் சரிபார்த்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். எஞ்சின் கைமாறினால் புத்தகமும் கூடவே போகும். அதில் ஒரு பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ரால்ஃபின் கையெழுத்தில், "13 முதல் 16 வரை அளக்க விடவில்லை." முதலாளி எழுதியது, அழிக்க ஏலாது. ஆனால் அது பொய். அந்தப் பொய்யை அவர் எழுதக் காரணமாக இருந்தவன் நான். ஐம்பத்தாறு வயதில், கணக்கு வாத்தியாரின் மேசைக்கு முன்னால் நிற்பவன் போல, அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் நெடுநேரம் நின்றேன்.

நீங்களும் நானும் வுப்பர்டால் நகரின் இந்தப் பட்டறைக்கு ஒரே கிழமையில் வேலைக்கு வந்தவர்கள். நீங்கள் அலுவலகங்கள் துடைத்து, பிறகு ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் சாவிகளின் அளவு பார்த்து, அங்கிருந்து வந்தீர்கள். "ஆயுதம் எண்டு சொல்லாதை தம்பி, பொலிஸ் வரும், திருகு சாவி, குறடு செய்யிற இடம் எண்டு சொல்லு" என்று திருத்துவீர்கள். நான் லொறி திருத்தும் இடத்திலிருந்து வந்தேன். என்னைவிட நீங்கள் ஒன்பது வயது மூப்பு. வேலையில் நாங்கள் சமம். தேநீர் மேசையில் நீங்கள் அக்கா. காலையில் தொங்கு ரயிலில் எதிரெதிரே இருந்து வருவோம். ஆற்றுக்கு மேலே அது ஆடும்போதெல்லாம், "இதைப் பூட்டினவன் போல்ட்டை அளந்திருப்பான் தானே?" என்று கேட்டுச் சிரிப்பீர்கள்.

இந்த எஞ்சின்களின் கதையை ரால்ஃப் சொல்லி நாங்கள் கேட்டோம். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது தகப்பன் அவரைப் பந்தயத்துக்குக் கூட்டிப்போனாராம். எஞ்சின் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம் என்று விதிப்புத்தகமே கையை விரித்துவிட்ட பந்தயம் அது. சக்கரத்தை மூடி ஒரு தகடு, இரண்டு பேர் இருக்க இடம், அவ்வளவுதான் நிபந்தனை. ஆறு லீற்றர் போட்டான் ஒருவன். ஏழு போட்டான் மற்றவன். எட்டுக்கு மேலும் போனார்கள். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் எழுநூறு குதிரை. இடமும் வலமும் பெற்றோல் தாங்கி. பிறகு டர்போ வந்தது, எரிபொருள் தட்டுப்பாடும் வந்தது, அந்தப் பந்தயம் படுத்துவிட்டது. இப்போது பழைய கார்களின் பந்தயத்தில் மட்டும், வசதியும் துணிவும் உள்ள சில முதியவர்கள் அவற்றை ஓட்டுகிறார்கள். நீங்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு வசனம் சொன்னீர்கள்: "விதி இல்லாத எஞ்சினுக்கு நாங்கள் தான் தம்பி விதி." ரால்ஃபுக்கு நான் அதை ஜெர்மனில் சொன்னபோது, அவர் எழுதி வைத்துக்கொண்டார்.

அந்த விதியில் பெரிய விதி பதினாறு போல்ட். பிஸ்டனைச் சுழல்தண்டோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். இறுக்கும்போது போல்ட் ஒரு மயிரளவு நீளும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு நீள வேண்டும். குறைந்தால் கழன்றுவிடும், கூடினால் முறிந்துவிடும். கழன்றாலும் முறிந்தாலும் அந்த இரும்புக் கை எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால் ஒருவர் இறுக்க, மற்றவர் மானியை வைத்து நீளத்தை அளக்க வேண்டும். நீங்கள் இறுக்கியதும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மெல்லிய தூரிகையால் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பீர்கள். பிறகு யாராவது அந்தப் போல்ட்டைத் தொட்டால் கோடு உடைந்துவிடும். அளந்தவன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைப்பான். "செய்தவர் பாக்கக் கூடாது, பாத்தவர் செய்யக் கூடாது." இதுவும் உங்கள் வசனம்தான்.

இந்த எஞ்சினைப் பூட்டிய வருடம் உங்கள் வலக்கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பை தட்டில் டக்டக்கென்று அடித்துக்கொள்வதை வைத்து நான் தெரிந்துகொண்டேன். "டொக்டரிட்டைப் போக நாள் எடுத்தனீங்களே?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "கோப்பையைக் கழுவிப்போட்டு வா" என்றீர்கள். ரால்ஃபும் கவனித்திருந்தார். இரண்டு முறை உங்கள் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வியாழக்கிழமை இந்த எஞ்சினைப் பூட்டினோம். ஞாயிறு பந்தயம். நீங்கள் இறுக்கினீர்கள், நான் அளந்தேன். பன்னிரண்டு போல்ட் சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்து ரால்ஃப் வந்து எங்களுக்கு எதிரே கைகட்டி நின்றார். பதின்மூன்றாவதை இறுக்கும்போது உங்கள் கை நடுங்கியது. சாவியை ஒருதரம் எடுத்து மறுபடி வைத்தீர்கள். மிச்ச மூன்றும் அப்படித்தான் போனது. நான்கு வெள்ளைக் கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தீர்கள்.

நான் மானியைப் பதின்மூன்றின் மேல் வைத்தேன். முள்ளைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டும். குறைவாக இருந்தால், வெள்ளைக்காரர் முன்னால் அக்காவின் கை போய்விட்டது என்று என் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வீட்டுக்குள் ஆளையாள் கடித்துக் குதறுவோம். மற்றவர் முன்னால் மூத்தவர் பிழை விட்டால் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாவது காப்பாற்றுவோம். நான் முழுப் பூசணிக்காயை நான்கு சிவப்புப் புள்ளியால் மறைத்தேன். புத்தகத்தில் ஆறு, ஆறு, ஐந்தே முக்கால், ஆறு என்று எழுதினேன். நம்பும்படி இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். பொய்யிலும் எனக்குக் கைவேலை சுத்தம்! ரால்ஃப் தலையாட்டிவிட்டுப் போனார். நீங்கள் பெருமூச்சு விட்டீர்கள். நல்லது செய்துவிட்டேன் என்றே அப்போது நினைத்தேன்.

சனிக்கிழமை, பந்தயம் நடக்கும் ஐஃபல் மலையில் மழை கொட்டியது. ஓட்டுபவர் க்ளாவுஸ், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், பயிற்சிச் சுற்றில் காரை ஊர்வலம் போல ஓட்டிவிட்டு வந்தார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஞாயிறு விடிந்ததும் வானம் வெளுத்துவிட்டது. காய்ந்த தடம். முதல்முறையாக அந்த எஞ்சினை முழுவேகத்துக்கு முறுக்கப்போகிறார்.

பந்தயத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது எஞ்சினை இயக்கினார்கள். அந்தச் சத்தம் காதுக்கு முதல் நெஞ்செலும்பில் வந்து இடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் எட்டுக் காற்றுக்குழாய்களும் மாறி மாறி மூச்செடுத்தன. க்ளாவுஸைப் பட்டிகளால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவருடைய மனைவி அவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. ஒவ்வொரு முறை அவர் மிதித்து விடும்போதும் எனக்குக் கேட்டது சத்தமல்ல. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு. நீங்கள் காதுக்கவசத்தோடு, திருவிழா பார்க்க வந்தவர் போல, சந்தோஷமாக நின்றீர்கள். ரால்ஃபிடம் சொன்னால் கார் நிற்கும், உங்கள் பெயரும் அதோடு போகும். சொல்லாவிட்டால் அந்த மனிசனின் உயிர் போகலாம். இன்னும் பத்து நிமிடம் என்ற பலகையைத் தூக்கினார்கள். நான் உங்களிடம் வந்தேன்.

நீங்கள் ஒரு பக்கக் காதுக்கவசத்தைத் தூக்கினீர்கள். "என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"அக்கா, பதின்மூண்டிலயிருந்து பதினாறு மட்டும் நான் அளக்கேல்லை."

"என்ன விசர்க்கதை? சிவப்புப் புள்ளி வைச்சனியே!"

"வைச்சனான். அளக்கேல்லை. சும்மா எழுதினனான்."

"ஏன்?"

என் கண் தானாக உங்கள் கைக்குப் போனது. நீங்களும் குனிந்து உங்கள் கையைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை அக்கா. ஏசியிருக்கலாம், அறைந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் நேரே காருக்குப் போனீர்கள். உள்ளே குனிந்து க்ளாவுஸின் தோளைத் தட்டி, ஜெர்மனில் ஒரே சொல், "நிறுத்துங்கள்."

எஞ்சின் நின்றதும் வந்த அமைதியில் ரால்ஃப் ஓடிவந்தார். "எண்ணெய் அழுத்தமா?"

"இல்லை. நான்கு போல்ட் அளக்கப்படவில்லை. நான் அளக்க விடவில்லை."

நான் "இல்லை" என்று தொடங்கினேன். உங்கள் வேலைச் சப்பாத்தின் இரும்பு மூக்கு என் காலில் ஏறியது. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை அன்று மூடியிருக்கக் கூடாது. மற்றக் கார்கள் எல்லாம் புறப்பட்டுப் போக, எங்களுடையதைத் தள்ளிக்கொண்டு திரும்பினோம். திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னீர்கள், "எனக்கு இன்னும் எட்டு மாசம் தான், பிறகு பென்ஷன். நீ பத்துப் பன்னிரண்டு வருசம் அங்கை முகம் காட்டவேணும். பேசாமல் இரு." நானும் பேசாமல் இருந்தேன். பெரியவர் சொல்லுக்கு மரியாதை என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையான பெயர் கோழைத்தனம்.

திங்கட்கிழமை காலையிலேயே ரால்ஃப் உங்களைப் பாகங்கள் கழுவும் மேசைக்கு மாற்றிவிட்டார். என்னிடம், "அடிப்பகுதியைத் திறந்து நீயே அளந்து எழுது" என்று சொல்லிவிட்டு க்ளாவுஸோடு தொலைபேசியில் பேசப் போனார். நான் திறந்தேன். மானியை வைத்தேன். இந்த முறை முள்ளைப் பார்த்தேன். பதின்மூன்று சரி. பதினான்கு சரி. மிச்ச இரண்டும் சரி. உங்கள் வெள்ளைக் கோடு நான்கும் பிசிறில்லாமல் அப்படியே இருந்தன. நடுங்கிய கை இறுக்கிய நான்கு போல்ட்டும் அச்சொட்டாக இருந்தன. எனக்கு அழுகை வந்தது. எழுதினேன், மூடினேன், அனுப்பினேன். கழுவும் மேசை பத்தடி தூரத்தில் இருந்தது. "அக்கா, வந்து பாருங்கோ" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் கூப்பிடவில்லை. செய்தவர், பார்த்தவர் என்ற விதியெல்லாம் தெரிந்தவன், இரண்டாம் முறையும் தனியாக அளந்து தனியாக எழுதினேன்.

புதன்கிழமை தொங்கு ரயிலில்தான் சொன்னேன். "நாலும் சரியா இருந்தது அக்கா."

நீங்கள் சிரித்தீர்கள். கோபமில்லாத சிரிப்பு. "ஓம், இருந்திருக்கும்."

"சத்தியமா. கோடும் உடையேல்லை."

"பிழையா இருந்ததை நீ இறுக்கி, கோட்டையும் கீறிப்போட்டுச் சரியெண்டு எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதே?"

"புத்தகத்தைப் பாருங்கோ அக்கா, எழுதிக் கிடக்கு."

"புத்தகத்திலை முந்தியும் நீ தானே எழுதினனீ" என்றீர்கள். பிறகு என் முழங்காலில் தட்டி, "பரவாயில்லை தம்பி. மனம் நோகக்கூடாதெண்டு சொல்லுறாய். நல்ல பிள்ளை" என்றீர்கள்.

அதற்கு மேல் என்ன சொல்ல? எஞ்சின் அப்போது க்ளாவுஸின் கொட்டகைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நீங்கள் வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் மூடிக்கொண்டு இருக்கத் தொடங்கினீர்கள். எட்டு மாதமும் கழுவும் மேசையில் நின்றீர்கள். உங்களுடைய மேசையை எனக்குத் தந்தார்கள். பென்ஷன் எடுத்து ஒரு வருடம்கூட முடியவில்லை, போன மாசியில் இதயம் நின்று போய்விட்டீர்கள். செத்தவீட்டில் உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

இன்று புத்தகத்தைத் திறந்தபோது தனியாகத் திறக்கவில்லை. நீங்கள் போனபிறகு சேர்ந்த நித்யாவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, எஞ்சினியர், எதையும் இரண்டுதரம் கேட்டுத்தான் நம்பும். நான் பின்னால் கைகட்டி நின்றேன்; நித்யா அடிப்பகுதியைத் திறந்தது. இரண்டு வருடம் ஓடிய எஞ்சின், சூடும் எண்ணெயும் கோட்டை அழித்திருந்தால்? நான்தான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை என்றால்? என் பேச்சை நானே நம்பாத நிலை.

"அண்ணா, தேர்ட்டீன் டு சிக்ஸ்டீன் ஒயிட் லைன் எல்லாம் இன்டாக்ட்டா இருக்கு. யாருமே டச் பண்ணல."

"வடிவாப் பாருங்கோ பிள்ளை. கோடு திருப்பிக் கீறின மாதிரி இருக்கே?"

அது லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தது. "இல்லண்ணா. ஒரே ஸ்ட்ரோக். மேல இன்னொரு கோட்டிங் இருந்தா தெரியும்."

பிறகு மானியை வைத்து, புத்தகத்தில் நீங்கள் பூட்டுமுன் எழுதிய நீளத்தைக் கழித்து, ஒவ்வொன்றாக வாசித்தது. ஐந்து புள்ளி ஒன்பது. ஆறு. ஆறு. ஐந்து புள்ளி ஒன்பது. "யாருண்ணா இது டைட் பண்ணது? கை செம ஸ்டெடி!" என்றது. புத்தகத்தில் உங்கள் பெயரைக் காட்டினேன்.

நித்யாவே எண்களை எழுதிக் கையெழுத்து வைத்தது. அதன் கீழே நான் எழுதினேன்: "13 முதல் 16 வரை முதலில் அளக்காமல் எண் எழுதியவன் நான். பூட்டியவர் மேல் பிழை இல்லை." ரால்ஃபிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசித்தார். "அவர் உயிரோடு இருக்கும்போது இதை ஏன் கொண்டுவரவில்லை?" என்று கேட்டார். சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார் என்றேன். "அதைமட்டும் கேட்டுக்கொண்டாயா?" என்றார். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அவர் தன் பெயரையும் இன்றைய தேதியையும் போட்டு, "செல்லாது" என்று எழுதினார். மறுஅறிவித்தல் வரை நான் எந்தப் போல்ட்டுக்கும் கையெழுத்து வைக்கக் கூடாது என்றும் சொன்னார். சரி என்றேன்.

மத்தியானம் கொலோனில் இருக்கும் உங்கள் மகளுக்கு அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக, மறைக்காமல், சிவப்புப் புள்ளியிலிருந்து. கேட்டுக்கொண்டிருந்தவள் கடைசியில் சொன்னாள், "மாமா, அம்மா கடைசி மட்டும் அந்தக் கையாலை ஒண்டும் செய்யேல்லை. இந்தக் கை ஒரு மனிசனைக் கொல்லப் பாத்தது எண்டு சொல்லுவா. ஆரோ ஒரு தம்பி தன்னை ஆத்திறதுக்குப் பொய் சொன்னவர் எண்டும் சொன்னவ. நீங்களே அது?"

"ஓம் பிள்ளை. ஆனால் அது பொய் இல்லை."

அவள் தயங்கித் தயங்கி, "குறை நினைக்காதேங்கோ மாமா... நீங்கள் சொல்ல வேண்டாம். அளந்த அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கோ" என்றாள்.

தொலைபேசியை நித்யாவிடம் கொடுத்தேன். அது நான்கு எண்ணையும் நிதானமாக வாசித்தது. மறுபக்கத்தில் உங்கள் மகள் விக்கி விக்கி அழுவது எனக்குத் தள்ளி நின்றபோதும் கேட்டது.

உங்கள் கை நடுங்கியது அக்கா, பிழை விடவில்லை. உங்களிடம் இதை அன்றைக்கே ஒருவன் சொன்னான். சொன்னது நான் என்பதால்தான் நீங்கள் நம்பவில்லை.